வாசல் சுவரின் பெயர்க்கல்

துந்துபி வருஷம் ஆனி மாதம், உறையூரில் வாடகைக்குக் குடியிருந்த நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு வாங்கப் பார்த்தேன். வீட்டுக்காரர் அச்சகம் வைத்து நொடித்தவர். வீடு ஒரு நிதிக் கம்பெனியில் அடமானத்தில் இருந்தது. பாக்கி, வீட்டு விலையையும் தாண்டிவிட்டது. வருகிற விலையை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட நிதிக்காரர்கள் சம்மதித்தார்கள். ஆவணிக்குள் பத்திரம் பதிவாகாவிட்டால் ஏலம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"பணம் பூரா அவங்களுக்கு, வீடு உங்களுக்கு. எனக்கு என்னங்க?" என்று கேட்டாலும், முதல் நாள் காபி கொடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். வாசல் சுவரில் அவர் அப்பா பெயர் பொறித்த கல் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் வைக்க நான் எழுதி வைத்திருந்த வாசகத்தை, என் பெயர், வருஷம், மாதம் எல்லாவற்றோடும், அவரிடமே காட்டினேன். எழுத்துக் கோத்துப் பழகியவராயிற்றே, பிழை இருந்தால் சொல்வார் என்று நினைத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் கதவு முழுதாகத் திறக்கவே இல்லை. நான் பஞ்சாங்கம் பார்த்து நாள் கொண்டுபோவேன். ஜன்னல் வழியே, "அன்னிக்கு அஸ்தம். நான் சதயம், எனக்கு சந்திராஷ்டமம்" என்பார். இன்னொரு நாள் கரிநாள். ஆடி முழுக்கப் பேச்சே இல்லை.

ஆவணி பிறந்ததும் சகலையிடம் புலம்பினேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எனக்குப் பின் மாப்பிள்ளையானவர், எனக்கு முன் ஸ்கூட்டர் வாங்கியவர்.

"நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா அண்ணே?"

பேசினார். நான்காம் நாள் வந்து தலையைச் சொறிந்தார். "உங்களுக்குக் கொடுக்கவே மாட்டேங்கிறாரு. எனக்குன்னா சரியாம். விட்டா ஏலத்துக்குப் போயிடும், நான் என்ன பண்ணட்டும்?"

"அப்படி என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"அப்பா பேர்க்கல்லு அப்படியே இருக்கட்டும்னேன். அதுக்கே கையைப் புடிச்சுக்கிட்டாரு மனுஷன்."

பத்திரம் பதிவான அன்று எனக்குத்தான் வேலை ஓடவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அஸ்தம். அதே சதயக்காரர் ரிக்‌ஷாவில் போய்க் கையெழுத்துப் போட்டு, சகலை வாங்கிக் கொடுத்த டிபனையும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்த நாளின் தோஷம் எப்படியும் வேலை செய்யும் என்று ஒரு வருஷம் டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். சகலை வீட்டில் ஒருமுறை சளி. ஒருமுறை ஸ்கூட்டர் பஞ்சர். அடுத்த ஆவணிக்குள் மாடி எழும்பிவிட்டது.

மாடி கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது அந்தக் கல்லைச் சுட்டி, "சொந்த வீட்டுல உங்க பேர் இல்லையே, உறுத்தலையா?" என்று கேட்டேன்.

"நாமதானே அண்ணே உள்ள இருக்கோம்" என்றார் சகலை. "நிக்கிறீங்களே, வாங்க, இலை போட்டாச்சு."