பல்செட்காரரின் ஜன்னல் சீட்

எங்கள் டிராம் வண்டியில் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் பொழுது இருந்ததில்லை. வயது ஐம்பத்திரண்டு. டிராம் பாதையின் ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் வேலை. பத்தொன்பது வருஷமாகக் காலை ஏழு பத்து வண்டி, நாலாவது வரிசை, இடப்பக்க ஜன்னல்.

கடைசி ஸ்டாப்காரர்களுக்கு என்று ஒரு திமிர் உண்டு. காலி வண்டி வந்து நிற்கும். நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி நிதானமாக ஏறி அவரவர் இடத்தில் உட்காருவோம். ரெண்டு ஸ்டாப் தள்ளி ஏறுகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே வளையத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். நாங்கள் அவர்களைப் பார்க்க மாட்டோம். உடனே கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்போம். பல்செட்காரர் மட்டும் நடிக்க மாட்டார். நிஜமாகவே தூங்கிவிடுவார்.

அந்த ஐம்பது நிமிஷத் தூக்கம்தான் அவருடைய மூலதனம். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. மூன்றாவது மாடி, நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் மாவு குழைத்து அச்சு வார்க்கிறவர்கள். உடம்பெல்லாம் வெள்ளையாக, பேய்ப் படத்தில் வேலை கிடைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள். இன்னொரு பக்கம் ஜன்னலோரம் மூன்றே மேசைகள். அங்கே சின்ன விளக்கு எரியும், மெழுகு உருகும், ஊசி மாதிரிக் கத்தி வைத்துப் பல்லுக்குப் பல் முகம் செதுக்குவார்கள். நடு மேசை பல்செட்காரருடையது. கை ஒரு நூல் நடுங்கினால் போதும், ஒருத்தருக்கு ஆயுசு முழுக்கச் சோறு ஒரு பக்கமாகத்தான் இறங்கும்.

தொழில் அப்படி என்பதால் யாரைப் பார்த்தாலும் அவர் பார்வை நேரே வாய்க்குத்தான் போகும். எதிர் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டும் ரிட்டயர் ஆபீசருக்கு மேல்வரிசை முழுக்கச் செட் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தொழில் ரகசியம், வெளியே சொல்லக் கூடாது என்பார். டீ வாங்கிக் கொடுத்தால் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டது அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை. கடைசி ஸ்டாப்பையும் தாண்டி மூன்று கிலோமீட்டரில், முள்செடியும் மின்கம்பமும் மட்டும் இருந்த இடத்தில் அவளும் புருஷனும் வீடு கட்டினார்கள். அதைப் பார்க்கப் போன பல்செட்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காக்காகூட ரெண்டு வண்டி மாறித்தான் வரணும் போல" என்றார். அதிலிருந்து அவள் ஒன்றரை வருஷம் அவரோடு பேசவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, டிராமை எங்க பக்கம் நீட்டச் சொல்லி மனு கொடுக்கிறோம். உங்க காக்காவுக்காகவாவது ஒரு கையெழுத்து போடுங்க."

"போட்டா மட்டும் வந்துடுமா? இருக்கிற வண்டிக்கே ஜன்னல் கண்ணாடி மாத்த மாட்டேங்கிறான்."

"வராதுன்னு தெரியுதில்ல, அப்புறம் போடறதுல என்ன குறைஞ்சு போயிடும்? இல்ல, நீங்க சொன்னா உங்க வண்டியில யாரும் கேக்க மாட்டாங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் மனுஷன் விழுந்தார். அவருடைய செல்வாக்கைச் சந்தேகப்பட்டுவிட்டாளாம். ஒரே வாரத்தில் வண்டிக்குள்ளேயே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். நாங்களும் போட்டோம். பாவம், புதுசாக வீடு கட்டினவர்கள், வண்டி வரட்டுமே என்று பெரிய மனசோடு போட்டோம். பாதை நீண்டால் கடைசி ஸ்டாப் கடைசி ஸ்டாப்பாக இருக்காது என்கிற விஷயம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தர் மண்டையில்கூட உதிக்கவில்லை.

அடுத்த ரெண்டு வருஷம் தெருவைத் தோண்டினார்கள், மூடினார்கள், எதையோ உள்ளே விட்டுவிட்டோம் என்று மறுபடி தோண்டினார்கள். ஒரு நாள் மூன்று புது ஸ்டாப்களும் தயாராகிவிட்டன. திறப்பு விழாவில் இனிப்புகூடக் கொடுத்தார்கள். ரெண்டாவது தடவை கை நீட்டி வாங்கித் தின்றவர்களில் பல்செட்காரரும் ஒருத்தர்.

மறுநாள் ஏழு பத்துக்கு வண்டி வந்தது. வந்தது என்றால், வழக்கமாக வரும் பக்கத்திலிருந்து இல்லை. நாங்கள் எல்லாரும் வடக்கே பார்த்து நிற்க, முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் வண்டிக்குள் தலைகள். ஜன்னலுக்கு ஒரு தலை. நாலாவது வரிசை இடப்பக்கத்தில் யாரோ ஒரு ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, ஆள் இருக்கு உள்ள?" என்றார் ரிட்டயர் ஆபீசர், வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி.

"கையெழுத்து போட்டோமில்ல" என்றார் பல்செட்காரர்.

அன்றையிலிருந்து தொங்கல்தான். ஐம்பது நிமிஷம் கையைத் தூக்கி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் மொத்த உடம்பையும் அந்தக் கையில் தாங்கி, இறங்கும்போது வலது கை அவர் பேச்சைக் கேட்காது. பத்தரை மணி வரைக்கும் நடுங்கும். இடது கையால் தொங்கிப் பார்த்தார். இடது கையால்தான் மெழுகை ஆடாமல் பிடிக்க வேண்டும். அது நடுங்கினால் வலது கை நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸின் செட் திரும்பி வந்தது. முன்பல் ரெண்டுக்கும் நடுவே மயிரிழை சந்து. அந்தம்மா 'உட்காருங்கள்' என்று சொன்னால் விசில் அடிக்கிறதாம். மொத்த வகுப்பும் எழுந்து நிற்கிறதாம். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. வாயை மூடினால் மூடவில்லையாம்.

கூடத்து முதலாளியம்மா குரலை உயர்த்துகிற ரகம் இல்லை. அதுதான் பயமே. திரும்பி வந்த செட் ரெண்டையும் பல்செட்காரர் மேசையில் வைத்தார். "உங்களைச் சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு இப்படி வந்தா, நீங்க மாவு குழைக்கிற பக்கம் போயிடுங்க. இந்த மேசைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

இருபது வருஷம் முன்னால் அந்த மாவுப் பக்கத்திலிருந்துதான் பல்செட்காரர் இந்த மேசைக்கு வந்தார். திரும்பிப் போவதென்றால் எப்படி இருக்கும்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறரைக்கே கிளம்பி எதிர்த்திசை வண்டியில் ஏறி, பின்னாலேயே போய்ப் புதுக் கடைசி ஸ்டாப்பில் இறங்கி, அங்கிருந்து காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. போய் இறங்கினால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையின் தலையில் மச்சினி.

"என்ன மாமா, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"சும்மா உன் ஊரைப் பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சில்ல? வரிசை அங்க முடியுது பாருங்க. அந்தக் குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம்."

வரிசையில் இருந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தர், "உங்க ஸ்டாப்ல ஏற வேண்டியதுதானே சார். நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின வண்டி இது" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினவர் குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போய் நின்றார். அவர் முறை வந்தபோது உட்கார இடமில்லை. தொங்கிக்கொண்டே போனார், முன்னைவிட மூன்று ஸ்டாப் கூடுதலாக.

ஆனால் தொங்கிய இடம் மச்சினியின் சீட்டுக்கு நேர் மேலே. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. முன்னெல்லாம் இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சிரிக்கிறவள், கண்டக்டரிடம்கூடக் கையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். ரொட்டித் துண்டை ஓரமாகக் கடிக்கிறாள்.

குனிந்து, "மேல்வரிசை, இடப்பக்கம், ரெண்டாவது. பாதி உடைஞ்சிருக்கா, முழுசா போயிடுச்சா?" என்றார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவா பேசுங்க மாமா."

"எப்படிப் போச்சு?"

"திறப்பு விழா அன்னிக்கு இனிப்பு டப்பாவோட நைலான் கயித்தைப் பல்லால இழுத்தேன். கயிறு வரல, பல்லு வந்துடுச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"அளவெல்லாம் குடுத்துட்டேன். பல்லு வாங்கத்தான் பயம். எவனாவது செஞ்சா செஞ்ச பல்லுன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும். அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

அக்கா என்றால் பல்செட்காரரின் மனைவி. அவருக்கு மூன்று பல் புருஷன் செய்து கொடுத்தது. 'கடையில வாங்கின பல்லு' என்று பத்து வருஷமாகத் தங்கச்சி கேலி செய்துகொண்டிருந்தாள். அந்தக் கணக்கைத் தீர்க்க அக்கா காத்துக்கொண்டிருப்பது ரெண்டு குடும்பத்துக்கும் தெரியும்.

பல்செட்காரர் வளையத்தை மாற்றிப் பிடித்தார். "நான் செஞ்சா தெரியாது. ஆனா தொங்கிக்கிட்டு வர்ற கையால செஞ்சா எனக்கே தெரியும்."

அவளுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாள் ஏழு பத்துக்கு எங்கள் ஸ்டாப்பில் வண்டி நின்றபோது, அவள் பக்கத்து சீட்டில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. சுற்றி நின்ற எட்டுப் பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவர், முடியாதவர்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிப் பையை எடுத்தாள். பல்செட்காரர் கொஞ்சம் நொண்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சீட் கிடைத்ததே தவிரத் தூக்கம் கிடைக்கவில்லை. மச்சினிக்கு ஒன்றரை வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. மாமியாரின் மூட்டு வலி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, புருஷனின் குறட்டை, எல்லாம் கைவிரல் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் கை ஓய்வாக மடியில் கிடந்தது. மேசையில் போய் உட்கார்ந்தால் நடுங்கவில்லை.

நாலாவது நாள் நிறம் பார்க்க வேண்டியிருந்தது. பெயிண்ட் கடையில் காட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு பட்டையில் பதினாறு வெள்ளையில் பதினாறு பல் தொங்கும். வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது ஒத்துப்போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். கூடத்து ட்யூப் லைட்டில் எல்லாப் பல்லும் நீலமாகத் தெரியும், வெயில்தான் சரி. வண்டி பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் ஒன்றரை நிமிஷம் நல்ல வெயில் அடிக்கும். பல்செட்காரர் செய்தித்தாளைப் படுதா மாதிரி விரித்தார்.

"இப்ப சிரி."

"சிரிப்பு வரல மாமா."

"வீட்டுக்காரர் முகத்தை நெனச்சுக்கோ."

சிரித்தாள். வெளியே எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு செய்தித்தாளும் நாலு காலும் மட்டும்தான். பாலத்தைத் தாண்டுவதற்குள் வண்டியின் பின்கோடி வரைக்கும் நாலு விதமான கதை போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் அதில் ரெண்டு கதை அவருடைய மனைவி காதுக்கும் போனது.

"தங்கச்சியோட திடீர்னு என்ன ராசி?"

"பேப்பர் படிக்கிறோம்."

"அவ பள்ளிக்கூடத்துலயே புஸ்தகத்தைத் தொட்டதில்ல. பேப்பர் படிக்கிறாளாம்."

டீ வாங்கிக் கொடுத்தால் யார் வாயில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன் அன்றைக்கு மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சீட் போய்விடும், சீட் போனால் மேசை போய்விடும்.

ஒற்றைப் பல்லை மூன்று நாள் செதுக்கினார். பக்கத்துப் பல்லில் இருக்கும் மெல்லிய கோடுகூட இதிலும் வந்தது. மெருகு போட்டு வெள்ளைத் துணியில் ஆற வைத்திருந்தபோது முதலாளியம்மா வந்தார்.

"பிடுங்கின பல்லையெல்லாம் எதுக்கு மேசையில வெச்சிருக்கீங்க? யாரோடது இது?"

"நான் செஞ்சதும்மா."

முதலாளியம்மா அதை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியில் திரும்ப வைத்தார். மத்தியானம் புதுசாக வந்த அச்சுகளில் கஷ்டமான நாலும் நடு மேசைக்கு வந்தன.

அன்று சாயங்காலம் பல் டாக்டர் வீட்டு மாடிப்படியிலிருந்து இறங்கும்போதே மச்சினி கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். நேரே அக்கா வீட்டுக்குப் போய், காரணமே இல்லாமல் ஒரு மணி நேரம் சிரித்துவிட்டு வந்தாள் என்று கேள்வி. அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பல்செட்காரருக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்துவிட்டது. பல்லுக்குச் சீட் என்பதுதான் பேச்சு. பல் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் அவள் எதற்காக எட்டுப் பேர் முறைப்பைத் தாங்கிக்கொண்டு பையை உட்கார வைக்க வேண்டும்?

மறுநாள் ஏழு பத்து வண்டி வந்தது. அவர் வழக்கத்துக்கு விரோதமாகக் கடைசி ஆளாக ஏறினார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். பை உட்கார்ந்திருந்தது.

"உட்காருங்க மாமா" என்றாள், வாயைத் திறந்து, இருபத்தெட்டும் தெரிய.

அவர் நொண்ட மறந்துபோய் வேகமாக வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பிய பிறகு அவள் அவர் காதோரம் குனிந்து, "எங்க வீட்டுக்காரருக்குக் கீழ்வரிசையில ரெண்டு ஆடுது மாமா" என்றாள்.

பல்செட்காரர் முழங்கையை ஜன்னலில் ஊன்றி, ஒன்றரை மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணை மூடினார்.

"அவசரப்பட்டுப் பிடுங்க வேணாம்னு சொல்லு" என்றார். "தானா விழட்டும். ஒண்ணு ஒண்ணா."