ஜியாமெட்ரி பெட்டிக்குள் தேள்

மகள் மாயக்கதை நாவல் ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வனதேவதைக்குச் சேர வேண்டிய வெள்ளிப் பறவையை ஒரு சிறுமி பெட்டியில் ஒளித்துவைக்கிறாள். பெட்டிக்குள் பறவை சிறகடிக்கத் தொடங்குகிறது. விருந்துக்கு வந்திருந்த என் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு என் பழைய ஜியாமெட்ரி பெட்டி ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குள் தேள் வந்தால், சங்கரன்கோவிலில் வெள்ளித் தகட்டில் செய்த தேள் உருவை வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவோம். அப்படிப் போடச் சொல்லி அம்மா கொடுத்த தேளின் மினுமினுப்பை விட மனம் வரவில்லை. என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தால் தேள் அசையாமல்தான் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தலை என் பக்கம் திரும்பியிருக்கும். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி அலறினான். அவன் காலில் தேள் கொட்டியிருந்தது. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏட்டி, உண்டியல்ல போட்டியா இல்லியா?"

"போட்டேம்மா."

தம்பி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். பெட்டியைப் பரணில் போட்டேன். பிறகு திறக்கவேயில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். "எம்மா, அந்தப் பிள்ள கெட்டவளா?"

"பயந்தவ, மக்கா."

தம்பி குனிந்து தன் பாதத்தைத் தடவினான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்:

"எக்கா, அந்தப் பொட்டிக்குள்ள இன்னமும் பிறாண்டுதா?"