சர்க்கரையை நிறுத்திய வருஷம்

நைனா ஓட்டிய வேனின் ஓனர் ஆளைக் குறைக்க மனசு வராமல் நாளைக் குறைத்தார். திருப்பதி ஸ்டேஷனிலிருந்து அலிபிரிக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் வேலை வாரத்தில் மூன்று நாளாகச் சுருங்கியது. மற்ற நாட்களில் நைனா வீட்டிலிருந்தார். அதுவும் செலவுதான். சும்மா இருக்கும் மனிதருக்குக் காபி அதிகம் தேவைப்படுகிறது.

அம்மா கேபிளை நிறுத்தினாள். தக்காளி விலை ஏறிய வாரங்களில் புளியை வைத்தே ஒப்பேற்றினாள். அதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்கவில்லை. சர்க்கரையை நிறுத்தியபோதுதான் மானப் பிரச்சினை வந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா எங்கள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டரு வேணாம்னுட்டாரு. எங்க ஊட்ல எல்லாருக்கும் சக்கர வியாதி" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

அன்றிலிருந்து நாங்கள் நால்வரும் நோயாளிகள். வெந்தயத்தை எப்படி ஊறவைத்துக் குடிப்பது என்று தெருவில் எனக்குப் பக்குவம் சொன்னார்கள். நானும் பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் நாகலாபுரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை வாங்கி வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

"தெருவுல விசாரிச்சோம். ஊட்ல எல்லாருக்கும் சக்கர வியாதியாமே. பொண்ணுக்குமா?"

நைனாதான் சொன்னார்.

"வியாதியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வண்டி ஓடறது கொறஞ்சி போச்சி, கையில காசு இல்ல. சக்கர வாங்கறத உட்டுட்டோம். வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி."

நைனாவை அன்றைக்குப் போல எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

அந்தம்மா, "வியாதின்னாகூட மாத்திர போட்டுக்கினு சமாளிக்கலாம்" என்று டம்ளரைக் கீழே வைத்தாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அந்த டம்ளரை எடுத்தாள். ஆறிப்போன காபியை நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"ஏம்மா, இவ்ளோ சக்கரயா போடுவ?" என்றாள்.