சிவப்புத் துணி கட்டிய ஆகாயத்தாமரை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கணவர் நிக்டியிலிருந்து ஸ்கூட்டரில் ஏரிக்குப் போவார். பல வாரங்களில் நானும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். எனக்குப் பறவைகள் மேல் பெரிய ஆர்வம் கிடையாது. பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது என் வேலை. ஆறு நாட்களும் நேரில் பார்க்காத விஷயங்களைத் திருத்திக்கொண்டிருந்த கண்களுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது எதையாவது நேரே பார்க்க வேண்டியிருந்தது.

ஹிஞ்சேவாடிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அந்த ஏரி. பறவைகளுக்கான காப்பிடம் என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் முதன்முதலாகப் போனபோது, தீபாவளி கழிந்ததும் ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் வந்து இறங்கும். தை மாதக் குளிரில் பனிமூட்டம் விலகும்போது முதலில் சத்தம்தான் வரும், அப்புறம்தான் உருவம். பங்குனியில் அவை கிளம்பிவிடும். கோடையில் நீர் வற்றிச் சேறு தெரியும்போது நாரைகள் நடக்கும். மழைக்காலம் உள்ளூர்ப் பறவைகளுக்கானது. நீலத் தாழைக்கோழிகள் நாணலுக்குள் சண்டை போடும். நீளவால் இலைக்கோழிகள் மிதக்கும் இலைகள் மேல் நடந்து போகும். என் கணவருக்கு எல்லாவற்றையும்விட இந்த இலைக்கோழிதான் பிடிக்கும். கழுத்துக்குப் பின்னால் பொன் நிறம், வளைந்த கறுப்பு வால், உடம்புக்குப் பொருந்தாத நீளமான விரல்கள்.

அவர் போசரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டர். எதையும் கிளாம்பில் இறுக்கிப் பிடிக்காமல் அரத்தைத் தொட மாட்டார். வீட்டில் தேங்காய் உடைப்பதற்கு முன்னால்கூட அது உருளுமா என்று பார்ப்பார்.

ஹிஞ்சேவாடியில் கம்பெனிகள் பெருகின. ஏரிக்கு மேலே புதுக் குடியிருப்புகளும், அவற்றின் சாக்கடை நீரும் வந்தன. இரண்டாயிரம் பிறந்த பிறகு சில வருடங்களிலேயே ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடிவிட்டது. இங்கே எல்லாரும் அதை மராத்தியில் ஜல்பர்ணி என்பார்கள். ஊதாப் பூ பூத்தபோது படம் பிடிக்க வந்தவர்களும் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் வாத்துகள் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்க நீர் இல்லாமல் போய்விட்டன.

கிழக்குக் கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. தகரக் கூரை வீடுகள். அதில் ஒன்றில் என் கணவரின் தங்கை இருந்தாள். அவள் கணவர் கம்பெனி கார் ஓட்டினார். ஹிஞ்சேவாடிக்குப் பக்கம் என்பதால் அங்கே குடிவந்திருந்தார்கள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஏரியை ஜல்பர்ணி மூடியதிலிருந்து, சாயங்காலம் ஆனால் அந்தக் கரையில் நிற்க முடியாது. கொசு.

பறவை பார்க்கும் நண்பர்களோடு சேர்ந்து என் கணவர் மனு எழுதியபோது, தங்கை கேட்டாள்:

“இன்னா அண்ணா, வாத்து வர்லைன்னு மனு குடுக்கறே. எங்க வூட்ல கொசு ஆளையே தூக்கினு போவுது. அதையும் ஒரு வரி சேத்துக்கோயேன்.”

சேர்த்துக்கொண்டார். அந்தக் கரையில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினார். ஜல்பர்ணி போனால் கொசு போகும் என்று அவர் சொன்னதை வாசலில் நின்று நானே கேட்டிருக்கிறேன். அந்தச் சித்திரையில் குழந்தைக்கு மலேரியா வந்தது. மாத்திரை சாப்பிட்டுத் தேறியது. மனுவுக்கு மட்டும் பதில் வரவில்லை.

பதில் ஆடி மாதத்தில் வந்தது, ஒரு பொக்லைன் எந்திரமாக.

மழைக்காலம்தான் இலைக்கோழிகள் முட்டையிடும் காலம். ஏரியை மூடிய அதே ஜல்பர்ணியின் மேல்தான் அந்த வருடம் அவை கூடு கட்டியிருந்தன. கரையிலிருந்து தொலைநோக்கியில் ஒரு கூடு தெளிவாகத் தெரிந்தது. நான்கு முட்டைகள், பித்தளைக்குப் பாலிஷ் போட்டதுபோல. ஆண் பறவை அடை காத்தது. பெண் முட்டையிட்ட பின் வேறு ஆணைத் தேடிப் போய்விடும், குஞ்சு வளர்ப்பதெல்லாம் ஆண்தான் என்று என் கணவர் தங்கையிடம் விளக்கினார்.

“நெஜமாவா? பொம்பளை பாட்டுக்குப் போயிடுவாளா, ஆம்பளை ஒக்காந்துனு இருப்பானா?” அவள் தொலைநோக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரரைக் கூட்டியாந்து காட்டணும், அண்ணி. நைட் டூட்டி இல்லாத நாளாப் பாத்து.”

மழை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லலாமா என்று என் கணவர் கேட்டபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

“நீதானே அண்ணா கையெழுத்து வாங்கினே? இப்ப வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினா, நான் இங்க எப்படிக் குடித்தனம் பண்றது? எம் பொண்ணு ஒரு வாட்டி விழுந்து எழுந்தது போதாதா?”

அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கூட்டைச் சுற்றி ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடும்படி, வேலையாட்களின் மேஸ்திரியான முகாதமிடம் கேட்டார். இரும்புப் பீப்பாய்களைக் கட்டிச் செய்த மிதவையில் ஆட்கள் போய், கொக்கி மாட்டிச் செடியைக் கயிற்றால் கரைக்கு இழுப்பார்கள். பொக்லைன் அள்ளிக் கொட்டும். முகாதம் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, “கோம்ப்டீசாட்டி, சாகேப்?” என்று கேட்டார். ஒரு கோழிக்காகவா என்று அர்த்தம். ஆனாலும் ஒப்புக்கொண்டு மிதவையைக் கொடுத்தார்.

தொழிற்சாலையில் எந்திரத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அங்கே வேலை இல்லாதவன் அதைத் தாண்டக் கூடாது. என் கணவர் அதையே ஏரியில் செய்தார். கூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நான்கு பக்கமும் செடிக்குள் மூங்கில் செருகி, நைலான் கயிறு சுற்றி, என் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்து முடிச்சு முடிச்சாகக் கட்டினார். ஆண் பறவை எழுந்து பறந்து, அவர் விலகியதும் திரும்பி வந்து உட்கார்ந்தது. முகாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆட்கள் கயிற்றுக்குள் ஒரு இலையையும் தொடவில்லை.

வேலை முடிந்த சனிக்கிழமை நாங்கள் போய்ப் பார்த்தோம். பல வருடங்களுக்குப் பிறகு ஏரியில் வானம் தெரிந்தது. நடுவில் ஒரு அறை அளவுக்குப் பச்சை, சுற்றிலும் சிவப்பு முடிச்சுகள். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி எனக்கு வடாபாவ் வாங்கித் தந்தார்.

மறுநாள் மதியம் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, உன் வேலி எங்க வூட்டாண்ட வந்து நிக்குது. கோழியும் மேலயே ஒக்காந்துனு வந்திருக்குது.”

ஆகாயத்தாமரைக்கு அடியில் மண் கிடையாது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஏரி முழுக்க நெருக்கிக்கொண்டு நின்றபோது அது தரைபோல இருந்தது. எல்லாரும் தரை என்றே அதைப் பார்த்துப் பழகியிருந்தோம். சுற்றியிருந்ததை எடுத்த பிறகு மிச்சத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூங்கில்கள் வேரில்தான் செருகி நின்றன, ஏரியின் அடியைத் தொடவில்லை. மேற்கிலிருந்து அடித்த காற்று அதை அப்படியே கிழக்குக் கரைக்குத் தள்ளியிருந்தது.

“கிளாம்ப் போடாம விட்டுட்டேன்,” என்றார் என் கணவர். ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே அதை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

கரையோரம் ஆழமில்லை. அவரும் தங்கையின் கணவரும் இடுப்பளவு நீரில் இறங்கி, மூங்கில்களை இந்தத் தடவை சேற்றில் ஆழ அடித்தார்கள். நடுவே தள்ளிவிட மிதவை இல்லை, முகாதமும் ஆட்களும் வேறு ஏரிக்குப் போய்விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரித்துவிடும், அதன்பின் நானே எடுத்துவிடுகிறேன் என்றார் என் கணவர். தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

“ஊர் ஜல்பர்ணி எல்லாம் எடுத்துட்டு, எனக்கு மட்டும் சீர் அனுப்பிட்டே.”

அவள் அதைப் பார்த்துக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும். நாய் வந்தால் தட்டைத் தட்டி விரட்டினாள். துணி துவைக்கும் கல்லைத் தள்ளிப் போட்டாள். பேச்சுதான் அதிகமானது. ஏரி முழுக்கச் சுத்தம், எங்கள் வாசலில் மட்டும் பச்சை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்க்கார அம்மா நான் நிற்கும்போதே தங்கையிடம் கேட்டாள்: “உங்க அண்ணனோட சம்மந்தி இன்னும் கெளம்பலியா? கொசுங்க எல்லாம் கல்யாணத்துக்கு வந்தா மாதிரி வந்துனு இருக்குது.” தங்கை சிரித்தாள். அந்தம்மா உள்ளே போனதும் சிரிப்பு நின்றது.

இரண்டு வாரம் முடியும் முன்பே குழந்தைக்கு மறுபடி குளிர்காய்ச்சல் வந்தது.

நாங்கள் போனபோது கம்பளி மேல் கம்பளி போட்டும் அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. தங்கை அண்ணனைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போகத் தங்கையின் கணவர் காரைத் தயாராக வைத்திருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கையும் நானும் ஏறினோம். என் கணவர் ஏறவில்லை. கார் திரும்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கால்சட்டையை மடிக்காமல் நீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் இளைஞர். ரத்தப் பரிசோதனை முடிவு வரக் காத்திருந்தோம். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, சித்திரையில் கொடுத்த மாத்திரைகளை முழுவதும் கொடுத்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டோம் என்றாள் தங்கை. இந்த வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் இது அதே பழைய காய்ச்சல் திரும்ப வந்ததுதான், புதிதாகக் கொசு கடித்ததாகத் தோன்றவில்லை என்றார். இந்தத் தடவை கடைசி மாத்திரைவரை கொடுக்கச் சொன்னார்.

காரில் தங்கை வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “அண்ணி, அண்ணா இந்நேரம் அதை எடுத்திருக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

எடுத்திருந்தார். செடி முழுவதும் கரையில் குவியலாகக் கிடந்தது, கறுப்பு வேர்கள் மேலாக. கூடு கலையாமல் தட்டுபோல அப்படியே இழுக்கத்தான் பார்த்திருக்கிறார். கரை விளிம்பில் அது புரண்டுவிட்டது. நாங்கள் வந்தபோது அவர் மண்டியிட்டு, இரும்புத் தூளில் விழுந்த திருகாணியைத் தேடுவதுபோல, முட்டைகளுக்காக வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை சேறு. ஆண் பறவை சற்றுத் தள்ளி நீரின் மேல் தாழப் பறந்து சுற்றியது. இறங்குவதற்கு ஒரு இலை இல்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?”

தங்கை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “பழசுதானாம் அண்ணா. உள்ளயே இருந்துச்சாம். நாங்க மாத்திரையைப் பாதியில நிறுத்தினதுதானாம்.”

“அப்ப இது?” அவர் குவியலைக் காட்டினார்.

“இதுக்கும் அதுக்கும் சம்மந்தமில்லைன்னு நெனைக்கறாரு.”

அவர் தலையாட்டினார். நீரில் கை கழுவிவிட்டு, குழந்தையைத் தொடலாமா என்பதுபோல் கையை முகர்ந்து பார்த்தார். தொடவில்லை.

அந்தக் குளிர்காலம் வாத்துகள் வந்தன. திறந்த நீர் கிடைத்ததால் நாங்கள் இதுவரை பார்த்திராத அளவுக்கு வந்தன. வரித்தலை வாத்துகள்கூட ஒரு கூட்டம் இறங்கின. பறவை நண்பர்கள் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், மனு எழுதியவர் என்று புதியவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். அவர் நன்றி சொன்னார். எங்கள் பத்திரிகைக்கும் ஒரு சின்னச் செய்தி வந்தது, என் மேஜைக்கு. சுத்தமான ஏரிக்குப் பறவைகள் திரும்பின என்று. அதிலிருந்த தகவல்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி அனுப்பினேன்.

அடுத்த மழைக்கு முன் தங்கை போன் செய்தாள். போனை அவரிடம் கொடுத்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணா, செடி திரும்ப வந்துடுச்சு.”

“எந்தப் பக்கம்?”

“மேக்கால. நாணல் ஓரமா.”

“மேல ஏதாவது நடக்குதா?”

“நான் செடியைச் சொல்றேன், நீ கோழியைக் கேக்கறே.” பிறகு அவளே கேட்டாள்: “மறுபடி மனு எழுதப் போறியா?”

“மழை முடியட்டும்.”

“மழை முடியற வரைக்கும் எம் பொண்ணு எங்க தூங்கறது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. சிஞ்ச்வட் கடையில் ஒரு கொசுவலை வாங்கி, மிச்சமிருந்த நைலான் கயிற்றையும் எடுத்துக்கொண்டார். தங்கை வீட்டில் கட்டிலுக்கு மேலே நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கட்டினார். ஏரிப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மேற்கிலிருந்து பூனை முனகுவதுபோல ஒரு குரல் வந்தது. இலைக்கோழியின் குரல் அப்படித்தான் இருக்கும். அவர் திரும்பவில்லை. நான்காவது முடிச்சைப் போட்டு முடித்து, இழுத்துப் பார்த்தார். பிறகு முதல் முடிச்சுக்குப் போய் அதையும் இழுத்துப் பார்த்தார். குழந்தை வலைக்குள் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும் அண்ணா,” என்றாள் தங்கை. “அது எங்கயும் போவாது.”