கொக்கி இல்லாத குழந்தை அறை

பெயின்டிங் கான்ட்ராக்ட் தொழிலில் சுவரைக் கெடுப்பது பெரிய குற்றமில்லை. சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்னொரு கோட் அடித்துவிடலாம். நான் கெடுத்த சுவர்கள் பம்பாயில் தாதரிலிருந்து செம்பூர் வரை இன்றும் யோக்கியமாக நிற்கின்றன. கூரையைக் கெடுத்தது ஒரே ஒரு தடவை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த டிஸ்டெம்பர் பூச்சு உதிராது என்று கேட்கிறார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. டெக்கரேஷன் நிபுணர் ஆனது

யுத்தம் முடிந்த மறு வருஷம். மாதுங்காவில் ஒரு குஜராத்தி சேட்டிடம் நான் எஸ்டிமேட் கிளார்க். யுத்தம் நடந்த காலம் முழுக்க எங்களுக்கு ஒரே கலர்தான், கறுப்பு. விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று, பிளாக்-அவுட்டுக்காக ஊரிலுள்ள ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு அடித்தோம். யுத்தம் முடிந்ததும் அதே கண்ணாடிகளை அதே ஆட்களை வைத்துச் சுரண்டினோம். ஒரு மனிதன் தன் வாலிபத்தை இதைவிட ஒழுங்காக வீணாக்க முடியாது.

சாப்பாட்டு நேரத்தில், நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய இங்கிலீஷ் வீட்டு அலங்காரப் பத்திரிகைகளைப் படிப்பேன். வேறு உத்தேசம் எதுவும் இல்லை. டிபன் கேரியரில் என்ன இருக்கிறது என்பதை மறப்பதற்குத்தான். சேட் அதைப் பார்த்துவிட்டார்.

"தும் படா-லிக்கா ஆத்மி ஹை. ஆஜ் ஸே டெக்கரேஷன் தும் சம்பாலோ," என்றார்.

நான் படித்தவனாம்; அன்றிலிருந்து டெக்கரேஷன் என் பொறுப்பு. சம்பளம் மாறவில்லை. ஒரு கால் ஆடிய நாற்காலியும் மாறவில்லை.

2. ஒரு ரூம் வேண்டும்

டெக்கரேஷனுக்கு வந்த முதல் ஆள் விஸ்வநாதன். பாலக்காட்டுக்காரர், கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்ட். மாதுங்காவில் ஹாலும் ஒரு பெட்ரூமும் உள்ள ஃப்ளாட். பெட்ரூமில் அவர் தூங்கியதே இல்லை. வேலை தேடி ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் அங்கே பாய் விரித்திருந்தார்கள். ஒருவனுக்கு வேலை கிடைத்துப் போனால் இருவர் வருவார்கள். ஹாலில் இவரும் மனைவியும். மனைவி தங்கம் மூன்று வருஷம் பொறுத்தாள். பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியும் திரும்பவில்லை.

"வரமாட்டேன்னு பிடிவாதமா இருக்கா ஓய். குழந்தைக்குன்னு தனியா ஒரு ரூம் வேணுமாம். இல்லேன்னா பம்பாயே வேண்டாமாம். அந்தத் தடியன்களை ஒருவழியா அனுப்பிச்சுட்டேன். ரூம் காலியாக்கும். நன்னா பண்ணிக் குடுங்கோ."

"நன்னான்னா எப்படி சார்?"

"எங்க மானேஜர் துரை ஆத்துல ஒரு தடவை பார்த்தேன். குழந்தைக்குன்னே ஒரு ரூம். சுவரெல்லாம் படம். அந்த மாதிரி. அவள் உள்ளே காலை வெச்சதும் ஊரை மறந்துடணும்."

குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குடும்பம் ஒன்றுசேர்வது என் டிஸ்டெம்பரில் இருக்கிறது என்று ஒருவர் நம்புவது, சுரண்டுவதற்கு எஸ்டிமேட் எழுதி எழுதிக் கை காய்த்தவனுக்குச் சின்ன விஷயமில்லை. பத்திரிகையைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினேன். வெளிர்நீலச் சுவர், இடுப்பு உயரத்தில் வரிசையாகக் குடை பிடித்த முயல்கள், கம்பிபோட்ட சின்னக் கட்டில், மேலே வெள்ளை வெளேரென்று கூரை.

"இதேதான்," என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

3. முயலும் கொக்கியும்

பெயின்டர் செல்லையா தாராவியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஆட்களில் படம் பதிக்கிற ஸ்டென்சில் அட்டை வெட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பத்திரிகைப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சார்வாள், முயலு எதுக்குக் கொடை பிடிச்சுக்கிட்டு நிக்கி?"

"மழைக்கு."

"முயலு வளைக்குள்ள போயிருமே."

"இது இங்கிலீஷ் முயல். அங்கே எப்பவும் மழை."

"அப்பம் சரி," என்று வெட்டினார். அவர் வெட்டிய முயல்களுக்குக் கொஞ்சம் மீசை தூக்கலாக இருந்தது. பதினெட்டு முயல்களும் குடையோடு கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் மாதிரி இருந்தன.

கடைசியாகக் கூரைக்கு வெள்ளை அடிக்கச் சாரத்தின் மேல் ஏறினவர் கீழே பார்த்துக் கேட்டார்: "சார்வாள், இங்கன ஒரு கொக்கி தொங்குது. படத்துல அது இல்லையே. என்ன செய்ய?"

பத்திரிகையைப் பார்த்தேன். கூரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அறுத்துடுங்க."

"நல்ல கம்பியாக்கும். கான்கிரீட் ஸ்லாபோட சேத்து வார்த்திருக்கான்."

"குழந்தை ரூம்ல கொக்கி எதுக்கு செல்லையா? எதைத் தொங்கவிட?"

"எனக்கென்ன. நீங்க சொல்லுதீய, நான் அறுக்கேன்."

ஆக்ஸா பிளேடு போட்டு அரை மணி நேரம் அறுத்தார். அடிக்கட்டையைத் தட்டி, பட்டி பூசி, வெள்ளை அடித்தோம். கொக்கி இருந்த சுவடே இல்லை. நானே கீழே படுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். செல்லையாவுக்குக் குழந்தைகள் ஐந்து. எனக்கு இரண்டு. ஏழும் உத்தரத்தில் மாட்டிய தூளியில் தூங்கி வளர்ந்தவை. நானும் அவரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அந்த அரை மணி நேரத்தில் அது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. கண்ணெதிரே படம் இருந்தது.

4. திறக்காத பெட்டி

தங்கம் வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலை, விஸ்வநாதன் கடைக்கு வந்தார். ஷேவ் செய்யவில்லை.

"ஊருக்குத் திரும்ப மெயில்ல டிக்கெட் பார்க்கச் சொல்றா ஓய். வந்ததிலேர்ந்து பெட்டியையே திறக்கலை. கொடியில ரெண்டு புடவை, அவ்வளவுதான். நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்கோ."

டெக்கரேஷன் நிபுணர் தாம்பத்தியத்துக்கும் நிபுணர் என்று யார் சொன்னார்களோ. போனேன். ஹாலில் டிரங்குப் பெட்டி ஊரில் கட்டிய கயிற்றோடு அப்படியே இருந்தது. உள்ளே கம்பிக்கட்டிலில் குழந்தை. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. மூன்று நாளாக மடியில் கால் மணி நேரத்துக்கு மேல் அது தூங்கவில்லை. தங்கத்தின் கண்ணும் சிவந்திருந்தது.

"நீங்கதானா ரூம் பண்ணினது?"

"ஆமாம்மா."

"இங்கே ஒரு கொக்கி இருந்ததே. ஊருக்குப் போறச்சே பார்த்துட்டுத்தானே போனேன். அது எங்கே?"

"அறுத்துட்டோம்."

"எதுக்கு?"

"பார்க்க அழகா இருக்கட்டும்னு."

கூரையை ஒரு தரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. குழந்தையை எதுல போடறது?"

நான் கட்டிலைப் பார்த்தேன்.

"அதுலயா? ஜெயில்ல போட்ட மாதிரி கம்பியைப் பிடிச்சுண்டு அழறான். பொறந்ததுலேர்ந்து தூளியில ஆடித் தூங்கினவன். முயலெல்லாம் நன்னாருக்கு, குத்தம் சொல்லலை. நான் கேட்டது ஒரு கதவு, ஒரு கொக்கி. உங்காத்துல குழந்தையை முயல்லயா தூங்கப் பண்றேள்?"

விஸ்வநாதன் மெதுவாகச் சொன்னார்: "கொக்கின்னு நீ எழுதலையே."

"கூரையைப் பெயர்த்துடாதேங்கோன்னுகூட நான் எழுதலை."

அந்த ஃப்ளாட்டுக்கே இரண்டு கொக்கிகள்தான். இன்னொன்று ஹாலில். அதில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம், அதைக் கழற்ற முடியாது. புதுக் கொக்கி போடலாமா என்று கட்டடச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஸ்லாப் மே சேத்? கபி நஹீ," என்றார். ஸ்லாபில் ஓட்டை போடக் கூடாது. ஏற்கெனவே ஒரு கொக்கியை அறுத்ததை அவரிடம் சொல்லாமல் இறங்கினேன்.

செல்லையாவைக் கூட்டி வந்தேன். குழந்தையின் அழுகையைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம ரெண்டு பேருக்கும் மூளை இல்ல சார்வாள்," என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

கைவண்டியில் எங்கள் சாரத்து மூங்கில்களை ஏற்றி வந்தோம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே நிறுத்தி, மேலே ஒரு தடித்த மூங்கிலைக் கிடத்தி, நார்க்கயிறு போட்டு இறுக்கினார். பத்து வருஷத்துப் பெயின்ட் சொட்டுகள் உலர்ந்த மூங்கில். பம்பாயில் அடித்த கலரில் அதில் இல்லாதது இல்லை. கால்கள் நழுவாமல் இருக்கச் சுவரில் முட்டுக் கொடுத்தபோது நான்கு முயல்கள் மறைந்தன.

"தாங்குமா?" என்றாள் தங்கம்.

"தொங்கிப் பாருங்க சார்வாள்," என்றார் செல்லையா.

தொங்கினேன். சேட் கம்பெனியின் டெக்கரேஷன் நிபுணர், ஒரு சூப்பரிண்டெண்டெண்டும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்து வௌவால் போல ஆடினேன். மூங்கில் முனகியது, முறியவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது. அந்த அறையில் அது மனதாரப் பார்த்த முதல் அலங்காரம் நான்தான்.

தங்கம் கொடியிலிருந்த இரண்டு புடவைகளில் ஒன்றை எடுத்து மடித்து, மூங்கிலில் தூளி கட்டினாள். பத்து நிமிஷம் ஆட்டினாள். குழந்தை தூங்கிவிட்டது. தெருவில் டிராம் போகிற சத்தம் கேட்டது. விஸ்வநாதன் தூளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பிள்ளை நிம்மதியாகத் தூங்கி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பிறகு தங்கம் ஹாலுக்குப் போய், பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. விஸ்வநாதன் ஓடிப்போய் உட்கார்ந்து உதவி செய்தார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினோம்.

5. படித்த பாடம்

மூங்கில்கள் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தன. சேட் வாரம் ஒரு தரம் அவற்றைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்.

அந்த அறைக்காக நான் மூன்று பத்திரிகைகள் படித்தேன். நான்கு முறை அளவெடுத்தேன். விஸ்வநாதன் மனைவிக்கு வாரம் இரண்டு கடிதம் எழுதினார். வந்து பார்த்து அசரட்டும் என்று, ரூமில் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் மறைத்தார். இத்தனை செய்தும் தங்கத்துக்கு ஒரு கார்டு போட்டு, "அம்மா, குழந்தையை எப்படித் தூங்கப் பண்ணுவீர்கள்?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது என் எஸ்டிமேட் ஃபாரத்தில் சதுர அடிக்கு மேலே ஒரு கேள்வி அச்சடித்திருக்கிறேன்: இந்த அறையில் தூங்கப்போவது யார், எப்படி? இப்போது கடையைப் பார்க்கும் சேட்டின் மகன் அதை எடுத்துவிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். வருகிற ஆண்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடுவார்கள். பிறகு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்," என்று எழுந்து போவார்கள். அவர்கள் திரும்பி வருகிறவரை நான் பிரஷ்ஷை நனைக்கச் சொல்வதில்லை.