வரைபடத்தில் இல்லாத ஒயர்

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் பியூஸ் அண்ணன். இருபத்தொன்பது வருடமாக அந்த வளாகத்தின் மின்சாரத்தைக் கட்டி மேய்த்த எலக்ட்ரீஷியன். எந்தக் கேபிள் எந்த மரத்தடியில் போகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

வீட்டில் அக்கா மட்டும்தான். பஞ்சாலையில் உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். அந்தப் பஞ்சு அவளுடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. ஊழியர் குடியிருப்பின் கடைசி வீட்டில், ஆக்ஸிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே தம்பியை விரட்டுவாள்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுற. நம்ம குளியலறை பல்பு ஒரு மாசமா செத்துக் கெடக்கு."

கரெண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அதனால் நாலு வருடம் முன்பு அவர் ஒரு காரியம் செய்தார். ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசர்களுக்குக் கரெண்ட் நிற்கவே கூடாது. ஜெனரேட்டர் முதலில் அவற்றுக்குத்தான். அந்த லைனிலிருந்து யாருக்கும் தெரியாமல் மண்ணுக்கடியில் ஓர் ஒயரை இழுத்து, அக்காவின் தலைமாட்டில் சுவிட்ச் வைத்தார். மேலே தள்ளினால் வீட்டுக் கரெண்ட், கீழே தள்ளினால் ஃப்ரீசர் கரெண்ட்.

பிறகு பேட்டரி வந்தது. லாரி நீளத்துக்கு நாலு பெட்டிகள், கூரையெங்கும் சோலார் தகடுகள். வெளிக் கரெண்ட் போனாலும் வளாகம் இனி தன் காலில் நிற்கும் என்றார்கள். அப்படி நிற்கும்போது எதை முதலில் அணைப்பது, எதைக் கடைசிவரை காப்பது என்று ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையையும் ஒயர்களின் வரைபடத்தையும் தயாரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. பேட்டரி கம்பெனியின் இன்ஜினியர் பெண், மகள் வயது, மூன்று முறை கேட்டாள்.

"இதுல இல்லாத ஒயர் ஏதாவது இருக்கா ஐயா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாத ஒயராம்மா? ஒண்ணும் இல்ல."

ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். திருட்டு ஒயர் வெளியே வந்தால் வேலையும் போகும், வீடும் போகும். வாயை மூடிக்கொண்டார். அதோடு விட்டாரா? ஊழியர் குடியிருப்பை வரிசையில் கடைசியாக, முதலில் அணையும்படி போட்டார். தனக்குத்தான் ஒயர் இருக்கிறதே! பதிவாளர் உருகிப்போனார். "சொந்த வீட்டையே கடைசியில போட்டிருக்காரு. மனுஷன்னா இவருதான்யா." பியூஸ் அண்ணன் கொஞ்சமும் கூசாமல் அடக்கமாகச் சிரித்தார்.

பேட்டரிச் சோதனை நாள் காலையில் அக்காவிடம் சொன்னார். "பத்து மணிக்குக் கரெண்ட் போகும். சுவிட்சைக் கீழ தள்ளிடு."

"நாலு வருஷமாத் தள்ளுறேன். எனக்கே பாடம் எடுக்குறியா?"

கட்டுப்பாட்டு அறையில் விருந்தினர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோருடைய செல்போன்களையும் அணைக்கச் சொன்னார்கள். வெளிக் கரெண்டைத் துண்டித்ததும் மின்விசிறிகள் துளியும் தயங்கவில்லை, ஒரே கைத்தட்டல். திரையில் கடைசி வரி, குடியிருப்பு, கறுத்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இருபது நிமிடத்தில் முடியவேண்டிய சோதனையைப் பதிவாளர், "இன்னும் ஓடட்டும், எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்" என்று நீட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் இன்ஜினியர் பேசினாள்.

"வரைபடத்துல இல்லாத ஒயரையெல்லாம் முந்தாநாள் வெட்டி எடுத்துட்டோம். ஃப்ரீசர் லைன்லகூட ஒண்ணு இருந்துச்சு."

அது அக்காவின் ஒயர். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. பதிவாளரின் காதருகே குனிந்து, "சார், வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

"இப்பவா? நில்லுய்யா. அடுத்து உன்னைப் பத்தித்தான் பேசப் போறேன்."

நின்றார். பாவி மனுஷன், நின்றார்! தன்னலமே இல்லாதவர் என்று தன்னைப் புகழ்ந்த பேச்சைப் பன்னிரண்டு நிமிடம் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஓடினார்.

அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். அணைந்திருந்த தம்பியின் செல்போனுக்குப் பதினாறு முறை அழைத்திருந்தாள். சுவிட்சை மேலும் கீழும் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் மேலே விட்டிருந்தாள். அவர் அவளைத் தூக்கி மடியில் கிடத்தியபோது, சோதனை முடிந்து வெளிக் கரெண்ட் வந்தது. மெஷின் உறுமிக்கொண்டு அவள் மூக்கில் காற்றை ஊதியது. வாங்கிக்கொள்ள அவள் இல்லை.

மூன்றாம் நாள் இன்ஜினியர் பெண் வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில், வரிசை போடும்முன் அவர் நிரப்பிக் கொடுத்த படிவம்.

"வீட்டுல மெஷினோட நோயாளி யாராவது இருக்காங்களான்னு இதுல ஒரு கேள்வி இருக்கு ஐயா. இருக்காங்கன்னு எழுதியிருந்தா போதும், ஃப்ரீசருக்கும் முன்னாடி அந்த வீட்டைப் போட்டிருப்போம். நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

அவர் படிவத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா கரெண்ட் போறப்பல்லாம் மெஷின் எப்படி ஓடுச்சுன்னு கேப்பீங்களேன்னு பயந்தேம்மா."

"கேட்டிருக்கவே மாட்டேன் ஐயா."