மெர்சி கேட்ட நீள அட்டை

போன கிழமை புதுக் கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து லேசாகப் பிசின் கருகியதுபோல ஒரு வாசம். எனக்கு அது பிடிக்கும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த வாசத்தோடு நாவற்குடாவில் மெர்சியின் வீட்டு முன்னறையும் நினைவில் வந்துவிட்டது.

மெர்சி ஐரோப்பிய வழிவந்த பறங்கிப் பெண், என்னோடு படித்தவள். சண்டை சற்று ஓய்ந்திருந்த நாட்களில், அந்த அறையில் இருவருமாகக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினோம். ஓய்வில் ஒரு மென்பொருள் எழுதினோம். அளவுகளைக் கொடுத்தால் வீட்டைக் கோடுகளால் வரைந்து, நாலு பக்கமும் திருப்பிக் காட்டும். சண்டையில் வீடிழந்தவர்கள் கட்டுவதற்கு முன்பே தங்கள் வீட்டைப் பார்க்கட்டும் என்பது அவள் ஆசை. ஆனால் வீடு ஒருமுறை திரும்புவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அவளுடைய அம்மாவின் கேக்கைத் தின்று தின்று, அந்தக் காத்திருப்பில்தான் நான் உடம்பு வைத்தேன்.

வேகத்துக்கு, கொம்பியூட்டருக்குள் செருகுகிற, தனிச் செயலி உள்ள அட்டை ஒன்று வேண்டும். கொழும்புக் கடையில் இரண்டு வகை இருந்தன. சின்னது கணக்கை மட்டும் விரைவாகச் செய்யும். நீளமானது படத்தைத் தானே வரையும்.

"கணக்கு கெதியா முடிஞ்சு என்னகா? கோடு ஊர்ந்துதானே வரும். நீளத்த எடுப்பம்" என்றாள் மெர்சி.

வாங்கிவர இருந்தவர் ஓட்டமாவடி வியாபாரி ஹனிபா நானா. கடைத்தாளில் நீள அட்டையின் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது வேணாம் மகள். இத்தின சிப்போட கண்டா, குண்டுச் சாமானெண்டு செக்பொயின்ட்ல என்ன இறக்கிப்போடுவானுகள். சின்னதெண்டா ரேடியோச் சாமானெண்டு சொல்லலாம்."

மெர்சி என்னைப் பார்த்தாள். "சின்னதையே கொண்டாங்க நானா" என்றாள்.

சின்ன அட்டை வந்தது. கணக்கு பறந்தது, கோடுகள் ஊர்ந்தன. கல்லடியில் ஷெல் விழுந்து வீடு போன பூமணியக்காவை முதல் ஆளாகக் கூப்பிட்டோம். அவ சொன்ன அளவுகள்தான். முன்வாசல் வந்தது, யன்னல்கள் வந்தன. அவ கதிரை நுனியில் இருந்தா.

"குசினி எங்க புள்ள? அடுப்பு எங்க வருது?"

"பின்பக்கம் அக்கா. இப்ப திரும்பும்."

பாதி திரும்புகையில் கரண்ட் போனது.

"மிச்சத்தப் பொறகு வந்து பாக்கன்" என்று எழும்பிப் போனா.

அந்தக் கிழமையே திரும்பவும் சண்டை மூண்டது. கரண்ட் மாதக்கணக்காக வரவில்லை. ஓட்டமாவடிப் பக்கம் போவாரும் இல்லை, வருவாரும் இல்லை. ஹனிபா நானாவை நான் பிறகு காணவேயில்லை. பூமணியக்கா பிள்ளைகளோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டா என்றார்கள். எந்த முகாம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருசம் மெர்சியின் குடும்பமும் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அவர்களுடைய வீடும் இப்போது இல்லை; வேறு யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள்.

அவள் போவதற்கு முன், கரண்ட் வந்த ஒரு பின்னேரம், இருவரும் அந்த மென்பொருளை ஓடவிட்டோம். பூமணியக்காவின் வீடு முழுதாகத் திரும்பியது. குசினி வந்தது, புகைக்கூண்டும் வந்தது. பார்க்க வேண்டியவ இல்லாத அறையில், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.